‘ஐ7’ கதையை விடுங்க, சொக்கெட் எது எண்டு கேளுங்க

வெள்ளவத்தையிலயோ கொட்டாஞ்சேனையிலயோ பழைய கொம்பியூட்டரை அப்கிரேட் பண்ண வெளிக்கிடுற ஆக்கள் முதல்ல கேக்கிற கேள்வி ஒண்டே ஒண்டுதான்: “ஐ5 போடுறதா, ஐ7 போடுறதா?” இந்தக் கேள்வியை ரசிச்சுக் கேக்கிறவர் கடைக்காரர் மட்டும்தான். அவர் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தருவார்: ஐ7, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, மதர்போர்ட். கவனியுங்க, மற்ற எல்லாத்துக்கும் ஒரு இலக்கம் இருக்கு. மதர்போர்ட்டுக்கு மட்டும் பேரும் இல்லை, ஊரும் இல்லை. வாடகைக்கு வீடு பாக்கப் போனவன் திரைச்சீலை என்ன நிறம் என்று விசாரிச்சிட்டு, ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்கு என்று கேக்காமல் அட்வான்ஸ் குடுத்திட்டு வாற மாதிரித்தான் இது.

அந்த ஒப்பந்தம்தான் சொக்கெட். புரொசெசர் போய் உட்காருகிற அந்தச் சதுரம். எந்தத் தலைமுறைப் புரொசெசர் அதில் ஏறும், அந்த போர்ட்டுக்கு டிடிஆர்3 ரேமா, டிடிஆர்4ஆ, டிடிஆர்5ஆ, நாலு வருஷம் கழிச்சு ஒரு சாமானை மட்டும் மாத்தலாமா அல்லது முழுசையும் தூக்கி எறியணுமா, இவ்வளவும் பெரும்பாலும் அங்கேதான் தீருது. புரொசெசரின் பேரில் இருக்கிற ‘7’ இதில் எதையுமே சொல்லாது.

நம்பாட்டி இதைப் பாருங்க. 2011இல் வந்த ஐ7-2600இல் நாலு கோர், எட்டு த்ரெட். 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100இலும் நாலு கோர், எட்டு த்ரெட்தான். ஆனா பதினொரு வருஷத்து வித்தியாசம் அந்த ஐ3ஐ எங்கேயோ கொண்டுபோய் விட்டிட்டுது. இருந்தும் நம்ம ஆக்களிடம் “ஐ3” என்று சொன்னா முகம் சுருங்கும்; “ஐ7” என்றா கை தானாகப் பர்ஸுக்குப் போகும். அந்தப் பழைய ஐ7, எல்ஜிஏ1155 சொக்கெட்டில், பேர் தெரியாத ஒரு எச்61 போர்ட்டோட, டிடிஆர்3 ரேமோட இன்னும் கைமாறிக்கொண்டிருக்கு. விண்டோஸ் 11ஐ மைக்ரோசொப்ட் அதற்கு அனுமதிக்கிறதில்லை. எட்டாம் தலைமுறைக்குக் கீழே அநேகமா எந்த இன்டெலுக்கும் அனுமதி இல்லை. விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது. இதையெல்லாம் தெரிஞ்சுகொண்டே ஒரு முதலாம் வருஷப் பிள்ளைக்கு அதை ‘அப்கிரேட்’ என்று விக்கிறதுக்கு என்ன பேர் வைக்கிறது?

இது கடைக்காரரின் பிழை மட்டும் இல்லை. மேலே இருக்கிற கம்பனிகளே இதில் விளையாடுது. இன்டெல் எல்ஜிஏ1151ஐ 2015இல் கொண்டுவந்தது. 2017 ஒக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தபோதும் அதே 1151, அதே அளவு. ஆனா பழைய 100, 200 வரிசை போர்ட்டில் வேலை செய்யாது, புதுசாக 300 வரிசை வாங்கு என்றார்கள். மின்சாரம் குடுக்கிற முறை மாறிட்டுது என்பது அவங்கட விளக்கம். ஆர்வக்காரர்கள் பயோஸைத் திருத்தி, சில பின்களை மறைச்சு, பழைய போர்ட்டிலேயே அதை ஓடவிட்டுக் காட்டினார்கள். பிறகு 2020இல் 1200, 2021 கடைசியில் 1700, 2024இல் 1851. ஒவ்வொரு தரமும் போர்ட்டுக்குக் காசு எங்கட பொக்கெட்டில இருந்துதான்.

ஏஎம்டியைத் தலையில் தூக்கி வைக்கவும் நான் வரேல்லை. 2020 மே மாதம், 400 வரிசை போர்ட்களில் அடுத்த தலைமுறை ரைசன் வேலை செய்யாது என்று அவர்களும் அறிவிச்சவைதான். ஆக்கள் இணையத்தில் கத்தின கத்தலில் இரண்டு கிழமைக்குள்ள அந்த முடிவைத் திருப்பினார்கள். பிறகு 2017இல் வந்த பி350 போர்ட்டில் 2022இல் வந்த 5800எக்ஸ்3டி ஏறுகிற நிலைமை உண்டாச்சு. கம்பனிக்கு இரக்கம் வந்து அது நடக்கேல்லை. தாங்கள் வாங்கினது என்ன போர்ட் என்று தெரிஞ்ச ஆக்கள் இருந்தார்கள், கேட்டார்கள், நடந்தது. பில்லில் வெறும் ‘மதர்போர்ட்’ என்று வாங்கிக்கொண்டு போறவர் எதைப் பிடிச்சுக் கேக்கப் போறார்?

“புரொசெசரை மட்டும் தனியா ஆர் மாத்துறது? நாலு வருஷத்தில எல்லாமே மாறிடும், அப்ப எல்லாத்தையும் புதுசா வாங்கலாம்” என்று ஒரு எதிர்வாதம் இருக்கு. அது டொலரில் சம்பளம் எடுக்கிறவரின் வாதம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவுக்குப் பக்கத்தில் இருந்தது; மே மாதம் 360ஐத் தொட்டது. 100 டொலர் போர்ட் ஒண்டு, ஒரு பின் கூட மாறாமல், 20,000இல் இருந்து 36,000 ஆனது. அந்த நேரம் போர்ட், ரேம், புரொசெசர் மூண்டையும் வாங்க வேண்டி வந்தவருக்கும், நல்ல சொக்கெட்டில் இருந்துகொண்டு பாவிச்ச புரொசெசர் ஒண்டை மட்டும் தேடினவருக்கும் இருந்த வித்தியாசம் கேம் ஆடுறவரின் பொழுதுபோக்குப் பிரச்சினை இல்லை. அது வீட்டுச் செலவு. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி விலை ஏறினபோதும் அதே கதைதான்: கையில் இருந்த டிடிஆர்4 ரேம் திடீரென்று சொத்தாகிட்டுது.

அப்ப எதை வாங்கிறது? கையில் டிடிஆர்4 ரேம் இருந்தா, அதை எறியச் சொல்லுற எவரையும் நம்பாதீங்க. ஏஎம்4இல் பி450 அல்லது பி550 போர்ட், அல்லது டிடிஆர்4 ஏற்கிற எல்ஜிஏ1700 போர்ட்டோட அந்த ஐ3-12100. இரண்டு சொக்கெட்டும் முடிஞ்சு போனவைதான், ஆனா பாவிச்ச புரொசெசர்கள் இன்னும் கனகாலம் சந்தையில் கிடைக்கும். 13ஆம், 14ஆம் தலைமுறைப் பெரிய இன்டெல்களைப் பாவிச்சதாக வாங்கும்போது மட்டும் அவதானம். வோல்டேஜ் பிரச்சினையால் பழுதான கதை 2024இல் உலகமே கேட்டது. எல்லாத்தையும் புதுசா வாங்க உண்மையிலேயே காசு இருந்தா ஏஎம்5. டிடிஆர்5 மட்டும்தான் ஏறும், ஆனா 2027க்குப் பிறகும் கொண்டுபோவம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கு.

எங்கட பக்கத்து நக்கல் ஒண்டும் இருக்கு: “கலைப்பீடத்துக்கு எதுக்கு இதெல்லாம்? வேர்ட் ஓடினாச் சரிதானே.” சமூகவியல்காரர் எஸ்பிஎஸ்எஸ் ஓட்டுறார், ஊடகக் கற்கைக்காரர் வீடியோ வெட்டுறார், ஸூம் வகுப்பு நடந்த காலத்தில் எல்லாருமே பழைய போர்ட்டின் விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் குறிப்பெடுத்தோம். இந்த நக்கலுக்குப் பின்னால் இருக்கிற எண்ணம், எங்களுக்கு மிச்சச் சாமான் போதும் என்கிறதுதான்.

பம்பலப்பிட்டியில் யுனிட்டி பிளாசாப் பக்கம் போறதுக்கு முதல் போர்ட்டின் மொடல் இலக்கத்தை வீட்டிலேயே தேடி, அந்தப் புரொசெசருக்கு எந்த பயோஸ் பதிப்பு வேணும் என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பாத்து எழுதிக்கொண்டு போங்க. பாவிச்ச போர்ட் என்றா சொக்கெட் மூடியைக் கழற்றச் சொல்லி, போன் லைட் அடிச்சுப் பாருங்க. இன்டெலிலும் ஏஎம்5இலும் பின்கள் போர்ட்டில் இருக்கும், ஏஎம்4இல் புரொசெசரின் அடியில். ஒண்டு வளைஞ்சிருந்தாலும் வாங்காதீங்க. கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்கள் ‘வொரண்டி’ தாளின் பின்பக்கத்தையும் வாசிக்க வேணும். ஒரு வருஷம் என்று சொல்லுறது பல கடைகளில் 350 நாள். கறள் பிடிச்சாலும், எரிஞ்ச அடையாளம் இருந்தாலும் அது செல்லாது. வெள்ளவத்தைக் காத்தில் கறள் பிடிக்காத சாமான் எது?

பில்லில் போர்ட்டின் முழுப் பேரையும் எழுதச் சொல்லுங்க. “அதெல்லாம் தேவையில்ல தம்பி, நல்ல போர்ட்தான்” என்று பதில் வந்தா, காசை எண்ணாமல் பக்கத்துக் கடைக்குப் போங்க.