சிரானி வீட்டு ரவைக் கேக்

சகோதரிகளே, ஈஸ்டர் நம் பண்டிகை இல்லையே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்று சொல்லப்போகும் பலகாரம் நம் அடுப்படி ரவையில் செய்வதுதான்.

பினாங்கில் புலாவ் டிக்குஸ் பக்கம் போயிருப்பீர்கள். அங்கே யூரேசியக் குடும்பங்கள் கூடி வாழ்ந்த இடத்திற்குக் கம்போங் சிரானி என்று பெயர். போர்த்துகீசியக் கலப்பில் வந்த கத்தோலிக்கர்கள் அவர்கள். 1811ஆம் ஆண்டில் பாதிரியார் பஸ்குவால் தலைமையில் பூக்கெட்டிலிருந்து வந்து, அமலோற்பவ மாதா கோவிலை எழுப்பிக் குடியிருந்தார்கள். 1990களில் அந்தக் கம்பத்து வீடுகள் இடிக்கப்பட்டன. தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தை விட்டு வந்தவர்களுக்கு அந்த வலியை நான் விளக்க வேண்டியதில்லை. கோவில் இன்றும் இருக்கிறது. சிதறிப்போன வீடுகளில் சூஜி கேக்கும் இருக்கிறது.

தவக்காலம் 40 நாள். முன்னாளில் கத்தோலிக்கர்கள் இறைச்சியை மட்டுமல்ல, முட்டையையும் தொடமாட்டார்கள். கோழிக்கு அது தெரியுமா? அதன் பாட்டுக்கு முட்டையிடும்! சேர்ந்த முட்டைகளுக்கெல்லாம் ஈஸ்டரில்தான் வேலை. இத்தாலியின் நேப்பிள்ஸ் ஊரில் வேகவைத்த கோதுமையும் பாலாடைக்கட்டியும் முட்டையும் சேர்த்து 'பஸ்தியேரா' செய்வார்கள். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன இத்தாலியரும் அதை விடவில்லை. சிரானி வீடுகளில் கோதுமை, ரவையாக வந்தது. 'சூஜி' என்றால் இந்தியில் ரவைதானே! கிறிஸ்துமஸ், கல்யாணம் எல்லாவற்றுக்கும் இதே கேக்தான்.

சிறு குடும்பத்துக்கு அளவு: ரவை 125 கிராம், வெண்ணெய் 125 கிராம், சீனி 100 கிராம், கோதுமை மாவு 50 கிராம், பொடித்த பாதாம் 60 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் கரு 5, வெள்ளைக் கரு 2. பாதாம் விலை கட்டாது என்றால் முந்திரி போடுங்கள். வெண்ணெய் பாதி, பிளாண்டா பாதி என்றாலும் குற்றமில்லை. ஆனால் முழுக்க பிளாண்டா வேண்டாம், மணம் போய்விடும்.

முதல் நாள் இரவே வெண்ணெயை நன்றாகக் குழைத்து, ரவையைக் கலந்து மூடி வையுங்கள். இதை மட்டும் அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். ரவை ஊறாவிட்டால் கேக் பல்லில் மணல்போல நறநறக்கும். மறுநாள் மஞ்சள் கருவையும் சீனியையும் வெளுக்கும்வரை அடித்து, ஊறிய ரவையோடு சேருங்கள். பிறகு மாவு, பேக்கிங் பவுடர், பருப்புப் பொடி. வெள்ளைக் கருவை நுரை பொங்க அடித்துக் கடைசியில் மெதுவாகக் கலக்க வேண்டும். ஓவனில் 160 டிகிரியில் முக்கால் மணி நேரம் வையுங்கள். ஓவன் இல்லாதவர்கள், குவே பஹுலு சுடுவதுபோல மேலும் கீழும் கரி நெருப்பு வைத்துச் சுடலாம்; மேலே நெருப்பு கொஞ்சம் அதிகம் இருக்கட்டும். ஈர்க்குச்சியைக் குத்தினால் ஒட்டக்கூடாது.

மிஞ்சிய 3 வெள்ளைக் கருவை வீணாக்காமல், வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டுப் பொரித்து விடுங்கள். கேக்கைச் சனிக்கிழமையே சுட்டு மூடி வைத்தால் ஞாயிற்றுக்கிழமை இன்னும் ருசிக்கும். பிள்ளைகள் கண்ணில் படாமல் வைப்பது உங்கள் சாமர்த்தியம்.