இறந்தவர் குரலுக்கும் சம்பளம்

சாகுல் ஹமீது விபத்தில் இறந்தது 1997ல். பம்பா பாக்யா காலமானது 2022 செப்டம்பரில். 2024 பிப்ரவரியில் வெளியான லால் சலாம் படத்தில் இருவரின் குரலும் ஒரே பாட்டில் ஒலித்தது. ‘திமிறி எழுடா’ என்ற அந்தப் பாட்டில் கேட்டது அவர்களது குரல்தான். பாடியது அவர்கள் அல்ல. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய ‘குரல் மாடல்’கள்.

விமர்சனம் எழுந்தது. இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மானின் விளக்கம் சுருக்கமாக இருந்தது: குடும்பத்தினரிடம் அனுமதி வாங்கியாயிற்று, தகுந்த சன்மானமும் கொடுத்தாயிற்று. சரியாகப் பயன்படுத்தினால் தொழில்நுட்பம் ஆபத்தும் அல்ல, தொல்லையும் அல்ல என்பது அவர் வாதம்.

அவர் இப்படிச் சொல்வதில் ஆச்சரியமில்லை. 1992ல் ரோஜா வந்தபோது ‘கம்ப்யூட்டர் இசை’ என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அடுத்த வருடமே திருடா திருடாவில், வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு மனிதக் குரல்களை மட்டுமே நம்பி ‘ராசாத்தி’ பாட்டைத் தந்து அவர் அசத்தினார். அதைப் பாடியவர் இதே சாகுல் ஹமீது.

ஆனால் அந்தச் சர்ச்சைக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சின்தசைசர் வயலினைப் போல ஒலித்தது. குறிப்பிட்ட ஒரு வயலின்காரரைப் போல அல்ல. குரல் மாடலோ பெயரும் ஊரும் உள்ள ஒரு மனிதரை நகலெடுக்கிறது.

எல்லோரும் கேட்டுவிட்டுச் செய்வதில்லை என்பதுதான் கவலை. 2023ல் வந்த கீடா கோலா என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலைத் தங்கள் சம்மதமின்றி உருவாக்கிவிட்டதாகக் கூறி, மகன் சரண் படத் தரப்புக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் பாடகர் பாடிய பாட்டைக் காக்கிறது. 2012ல் வந்த திருத்தம் ராயல்டிக்கும் வழி செய்தது. ஆனால் பாடாத பாட்டுக்கு அதில் தெளிவான பதில் இல்லை. தன் குரலை நகலெடுக்கும் சேவைகளுக்கு எதிராகப் பாடகர் அரிஜித் சிங் 2024 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு பெற்றார். அவர் உயிரோடு இருக்கிறார், புகழும் இருக்கிறது. மறைந்தவர்கள் கதை வேறு. நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தைப் பற்றிய படம் தொடர்பான வழக்கில், இத்தகைய தனிமனித உரிமைகள் மரணத்தோடு முடிந்துவிடுகின்றன, வாரிசுகளுக்குப் போவதில்லை என்று 2023ல் தில்லி உயர்நீதிமன்றம் கருதியது. அந்த நோக்கில் பார்த்தால், ரஹ்மான் கொடுத்தது சட்டம் கேட்காத சம்பளம். நல்ல முன்மாதிரிதான். ஆனால் ஒருவரின் மனசாட்சியை நம்பி ஒரு தொழில் நடக்க முடியாது. அனுமதியும் ஊதியமும் இசையமைப்பாளரின் பெருந்தன்மையாக இல்லாமல் ஒப்பந்த நிபந்தனையாக வேண்டும். பாடகர் உயிரோடு இருக்கும்போதே அது எழுதப்பட வேண்டும்.

இன்னொருவரும் இருக்கிறார். பெரும்பாலும் இம்முறையில் யாரோ ஒரு பாடகர் முதலில் பாடிக் கொடுக்க, கம்ப்யூட்டர் அதன்மேல் மறைந்தவரின் குரலை ஏற்றுகிறது. பாடியவரின் சுருதியும் உச்சரிப்பும் உணர்ச்சியும் மிஞ்சும். அவர் குரல் மறைந்துவிடும். பழைய குரல்களுக்கு மரணமே இல்லை என்றால், அவருக்கு வாய்ப்பு எப்போது வரும்?

சாகுல் ஹமீதும் ஒரு நாள் புதியவராகத்தான் மைக் முன்னால் போய் நின்றார்.