கூலங் காக்கும் அறிவு எம்மொழியில் வருகின்றது?

நெல்லை விளைவிப்பது ஓர் அறிவு. விளைந்த நெல்லைக் காப்பது மற்றோர் அறிவு. முன்னதைப் பற்றிப் பேசாதார் இலர். பின்னதைப் பற்றிப் பேசுவாரோ மிகச் சிலர். புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில், மீமிசலைச் சூழ்ந்த சிற்றூர்களில் வான்மழையையும் கண்மாய் நீரையுமே நம்பி நெல் விளைவிக்கும் உழவனுக்கு இவ்விரண்டாம் அறிவே வாழ்வும் தாழ்வும் ஆகும். தையிலும் மாசியிலும் அறுத்ததை அடுத்த அறுவடை வரை உண்ணவும், அதில் ஒரு கூற்றை விதைக்கவும் அவன் காத்தாக வேண்டும். அங்கு வீசுவதோ கடற்காற்று. நன்கு உலர்த்திய நெல்லுங்கூட அக்காற்றின் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் பதங்கெடும்.

குளிர்நாட்டானுக்கு இத்தொல்லை பாதிதான். வெப்பம் 15 பாகைக்குக் கீழே இறங்கினால் கூலத்தை உண்ணும் வண்டுகள் பெருகுவதில்லை. அவனுடைய களஞ்சியத்தை ஆண்டிற் சில திங்கள் பனியே காவல் காக்கின்றது. நமக்கோ ஆண்டு முழுவதும் வெயில். 30 பாகை வெப்பத்தில் அரிசி வண்டு ஏறத்தாழ ஒரு திங்களில் முட்டையிலிருந்து முழு வண்டாகி, அடுத்த தலைமுறைக்கு முட்டையிடத் தொடங்கிவிடுகின்றது. எனவே, ஐரோப்பியக் கிடங்கிற்கென எழுதப்பட்ட நூலை நாம் அப்படியே கைக்கொள்ள இயலாது. வெப்பமண்டல நாட்டார் தமக்குள் கற்றும் கற்பித்துமே இவ்வறிவை வளர்த்துக்கொள்ள வேண்டும்.

அக்கொடுக்கல் வாங்கல் நடவாமலும் இல்லை. ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் தட்டைப்பயற்றைத் துளைக்கும் வண்டினை ஒழிக்க, 1987இல் தொடங்கிய ஆய்விலிருந்து முவ்வுறைப் பை ஒன்று பிறந்தது. உள்ளே இரண்டு நெகிழி உறைகள். வெளியே நெய்த சாக்கு. வாயை இறுகக் கட்டிவிட்டால், உள்ளிருக்கும் வண்டுகளே உயிர்வளியைத் தீர்த்துத் தாமும் மடிகின்றன. நஞ்சு வேண்டியதில்லை. நம் கடலுக்கு எதிர்க்கரையான இலங்கையிலும், நெல்மூட்டைகளைக் காற்றுப் புகாத நெகிழி உறையால் மூடிக் காக்கும் முறையை இசுரேல் ஆய்வாளரும் இலங்கை ஆய்வாளரும் சேர்ந்து ஆய்ந்து, 1991இல் கட்டுரையாக வெளியிட்டனர். ஆங்கிலத்தில்!

நம் வினா இங்கேதான் எழுகின்றது. மீமிசற் கரைக்கு நேர் எதிரே உள்ள தீவில், நம் நெல்லையொத்த நெல்லை, நம் வெயிலையொத்த வெயிலில் வைத்துக் கண்டறிந்த உண்மை, பல்லாயிரங் கல் தொலைவிலுள்ள நூலகத்தைச் சென்றடைகின்றது. கடலின் இக்கரையிலுள்ள உழவன் காதுக்கு எட்டுவதில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் உழவர்க்கெனத் தமிழில் தாளிகை நடத்துவதையும், கூலத்துள் செருகிப் பூச்சி வரவை முன்னறியும் துளைக்குழாய்ப் பொறியைத் தானே ஆக்கித் தந்ததையும் நாம் மறுக்கவில்லை, பாராட்டுகின்றோம். திருவாரூரில் 1967இல் அரிசி ஆலையைச் சார்ந்த சிறிய ஆய்வகமாகத் தொடங்கி, இன்று தஞ்சையில் நடுவண் அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்து நிற்பதும் நம் மண்ணில்தான். ஆயினும், பிற வெப்ப நாடுகளின் ஆய்வைத் தமிழில் பெயர்த்து ஊர்தோறும் சேர்ப்பதைத் தம் நீங்காக் கடமையாக இவை மேற்கொள்ளவில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஆப்பிரிக்க உழவர்க்கு மக்காச்சோளத்தின் ஈரம் அறிய ஓர் எளிய வழி கற்பிக்கப்படுகின்றது. உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் சிறிது கூலத்தையும் இரண்டு மூன்று கரண்டி உலர்ந்த உப்பையும் இட்டு மூடிக் குலுக்கி, கால் மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு புட்டியின் பக்கங்களில் ஒட்டினால், கூலத்தின் ஈரம் 15 விழுக்காட்டிற்கு மேல். ஒட்டாது உதிர்ந்தால் அதற்குக் கீழ். விலைமிக்க அளவியும் மின்னும் வேண்டா, உப்புப் போதும். உப்பளங்கள் விரிந்த மீமிசற் கரையில் உப்புக்கா பஞ்சம்? எனினும் இதனை அப்படியே எடுத்துவந்து சொல்லிவிடவும் கூடாது. அளத்திலிருந்து வாரிய உப்பில் வெளிம உப்பும் (மகனீசியம்) கலந்திருக்கும். அது காற்றின் ஈரத்தைத் தானே இழுத்துக் கசியும். உலர்ந்த நெல்லையும் ஈரநெல்லெனக் காட்டிவிடும். மேலும், பல திங்கள் இருப்பு வைக்கும் நெல்லுக்கு 14 விழுக்காட்டிற்கு மேல் ஈரம் ஆகாது. எவ்வுப்பு, எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று நெல்லுக்கு அளந்து சொல்ல வேண்டியவர் நம் ஆய்வாளரே. பகிர்வு என்பதற்கு இதுவே பொருள்.

நம்மிடம் கொடுப்பதற்கும் உண்டு. குதிர், குலுக்கை, பத்தாயம், வைக்கோற் புரியால் கட்டிய கோட்டை. பயற்றுக்குச் செம்மண் கட்டுதல், வேப்பிலையும் நொச்சியிலையும் இடுதல், வசம்புத் தூள் தூவுதல் எனப் பாட்டிமார் கைப்பழக்கமாய் வந்த முறைகள் பல. பழையன எல்லாம் சிறந்தன என்று நாம் கூறோம். கூலமணிக்குள்ளேயே முட்டையிட்டு வளரும் வண்டினை மேலே தூவிய இலை மட்டும் என்ன செய்துவிடும்? எது எவ்வளவு காக்கும் என்று ஆய்ந்து, தமிழ்ப் பெயரோடேயே உலகிற்கு அளிக்க வேண்டும். இன்றேல், நம் வேம்பை அயலார் ஆங்கிலப் பெயரிட்டு நமக்கே விற்பர். வேம்பிற்கு அது நேரவும் பார்த்தது. வேப்பெண்ணெய் கொண்டு பூசணங் காக்கும் முறைக்கு ஐரோப்பாவில் அமெரிக்கக் குழுமம் பெற்ற காப்புரிமையை வழக்காடி நீக்க 2005 வரை போராட வேண்டியிருந்தது.

ஈரம் பற்றிய அறிவு வெறும் ஏட்டறிவன்று. அதிலேயே உழவனின் விலை தொங்குகின்றது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் 17 விழுக்காட்டை விஞ்சலாகாது என்பது நடுவண் அரசின் வரையறை. 2023 பிப்பிரவரியில் பருவந் தவறிய மழையில் நெல் நனைந்தபோது, தமிழ்நாட்டரசு 22 விழுக்காடு வரை தளர்வு கேட்டது. நடுவண் அரசின் குழு வந்து பார்த்துச் சென்ற பின்னரே 20 விழுக்காடு வரை இசைவு வந்தது. அதுவரை காத்துக் கிடந்த குவியலுக்குள் சூடேறுவதையும் முளை விடுவதையும் எந்த ஆணை தடுக்கும்? நம் நிலத்து ஈரத்தை நாமே அளந்து முடிவெடுக்கும் உரிமை மாநில அரசுக்கு வேண்டும்.

தஞ்சை நிறுவனமும் கோவைப் பல்கலைக்கழகமும், இலங்கை அநுராதபுரத்தில் அறுவடைக்குப் பிந்திய நுட்பங்களை ஆயும் நிறுவனத்தோடும் பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல்லாய்வு நிறுவனத்தோடும் ஆண்டுதோறும் முடிபுகளை மாற்றிக்கொள்ளல் வேண்டும். அம்முடிபுகள் ஆங்கிலத்தில் வெளியாகும் அன்றே தமிழிலும் வெளியாதல் வேண்டும். முதற்கண், உப்புப் புட்டி ஆய்வையும் முவ்வுறைப் பையையும் மீமிசற் பகுதி நெல்லில் செய்து பார்த்து, வரும் தை அறுவடைக்கு முன்னரே கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாக இரண்டு பக்கத் தமிழ்த் துண்டறிக்கையாய் வீடுதோறும் வழங்குமாறு தமிழ்நாட்டு வேளாண்துறையைக் கேட்கின்றோம்.