பத்தும் பத்தும் சேராதாம்!

ஒரு பெட்டியில் 10 ஸ்பீட் எண்டு இருக்கு. மற்றப் பெட்டியிலும் 10 ஸ்பீட்தான். ரெண்டும் ஷிமானோ, ரெண்டும் டியாக்ரா. பொருந்தும் எண்டு நம்பி வாங்கிறவர் முட்டாளா? இல்லை. ஆனால் பழைய 4600 ஷிஃப்டரோடு 2015இல் வந்த 4700இன் பின் டிரெய்லியரைப் பூட்டினால் கியர் ஒழுங்காக விழாது. பின்னுக்கு ரெண்டிலும் பத்துப் பல்லுச் சக்கரம்தான். ஒரு கிளிக்குக்கு ஷிஃப்டர் எவ்வளவு கேபிளை இழுக்குது எண்ட கணக்குத்தான் மாறிப்போச்சு.

இதைக் கேட்டால் றேஸ் சைக்கிள் ஓடுற அண்ணாமார் சொல்லுற ஒரே பதில்: "முழு செட்டையும் மாத்து தம்பி." இது ஆலோசனை இல்லை, விற்பனை. உடைஞ்சது ஷிஃப்டர் எண்டால் ஷிஃப்டர்தான் தேவை. கசெட், செயின், டிரெய்லியர் எல்லாத்தையும் ஏன் கழட்டி எறியவேணும்?

மாற்றத்துக்குக் காரணமே இல்லை எண்டு நான் சொல்லேல்லை. கூடக் கேபிளை இழுத்தால் ஊத்தை, உராய்வு செய்யிற குழப்பம் குறையும். அது நியாயம். பின்னுக்குச் சக்கரம் கூடக்கூடச் செயின் ஒடுங்கவும் வேணும். 11 ஸ்பீட் றோட் கசெட்டுக்கு ஹப்பில் 1.85 மி.மீ. கூடுதல் இடம் வேணும் எண்டதும் விளங்குது. ஆனால் கணக்கை மாத்திப்போட்டு அதே பெயரையும் அதே 10ஐயும் ஒட்டினது எந்தப் பொறியியல்?

இத்தனைக்கும் ஷிமானோவின் 8, 9, பழைய 10 ஸ்பீட் றோட் டிரெய்லியர்கள் ஒரே இழுவைக் கணக்கில்தான் ஓடினவை. 2023இல் வந்த கியூஸ் வரிசையில் 9, 10, 11 மூண்டுக்கும் ஒரே செயின், ஒரே இடைவெளி. அப்ப, மனம் வைச்சால் ஏலும்! ஆனால் அந்தக் கியூஸும் பழைய சாமானோடு சேராது.

எங்கட ஊர்ச் சாதாரண சைக்கிளைப் பாருங்கோ. எந்தச் சந்திக் கடையிலும் செயின் வாங்கலாம், பிறீவீல் வாங்கலாம், பொருந்தும். அதைப் பழசு எண்டு சிரிக்கிறம்.

நான் கேக்கிறது பெரிய விசயமில்லை. ஒரு கிளிக்குக்கு எத்தனை மி.மீ. கேபிள் எண்டு பெட்டியில் அடியுங்கோ. அதுவரைக்கும் வாங்கிற நீங்கள் ஸ்பீட் எண்ணிக்கையை நம்பாதேங்கோ. சாமானில் பொறிச்ச மொடல் இலக்கத்தைப் பாருங்கோ. ஆரும் "முழு செட்" எண்டால், "எந்தச் சாமான், ஏன் பொருந்தாது?" எண்டு திருப்பிக் கேளுங்கோ. பதில் இல்லாட்டி காசை எடுக்காதேங்கோ.