கலம் என்றொரு சொல்

சில ஆண்டுகளுக்கு முன்னர் இளங்கலை மாணவர் இருவர் ஒரே வாரத்தில் இரு கட்டுரைகளை என்னிடம் தந்தனர். எழுதுகோலைக் குறிக்கும் அரபுச் சொல்லான 'கலம்' நம் தமிழ்க் கலத்தினின்றே பிறந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். தமிழ்க் கலம் அரபு வணிகர் கொணர்ந்த சொல் என்பது மற்றவர் முடிபு. நடை இருவருக்கும் நன்றாகவே அமைந்திருந்தது. முடிபு இருவருக்கும் பிழைத்தது. முன்னவரைத் தமிழ்ப்பற்றும் பின்னவரை மார்க்கப்பற்றும் வழிநடத்தியிருந்தன. அவ்விரு பற்றும் எனக்கும் உண்டு. ஆதலின் அதனைச் சற்று விரித்துரைக்க விழைகின்றேன்.

தமிழில் கலம் என்பது பழஞ்சொல். உண்பது உண்கலம், கடலில் செல்வது மரக்கலம், பூண்பது அணிகலம். பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம் நெல். பாணர் தம் இசைக்கருவிகளை இட்டுச் சுமந்த பையைச் சங்கப் பாடல்கள் கலப்பை என்கின்றன. அளவுப் பெயர்களின் முதலெழுத்துகளைத் தொல்காப்பியம் கூறுமிடத்து உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளில் முதலாவது நிற்பதும் கலமே. மலையாளத்தாருக்குக் கலம் என்றால் மண்பானை. இத்தனை பொருளிலும் எழுதுகோல் இல்லை. நம் முன்னோர் ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதினர். மை தொட்டெழுதும் நாணல் அவர்க்கு வேண்டப்படவில்லை. பின்னாளில் வந்த பேனாவும், இறகைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லேயாகும்.

இனி அரபுக் கலத்தைக் காண்போம். திருக்குர்ஆனின் 68ஆம் அத்தியாயம் இச்சொல்லையே பெயராகக் கொண்டது. நகத்தை வெட்டுதல், சீவுதல் என்னும் பொருளுடைய வினையோடு இதனை இணைத்து, சீவப்பட்டதனால் கலம் எனப் பெயர் பெற்றது என்பர் அரபு அகராதியாளர். இக்கால மொழியியலாரோ, நாணலைக் குறிக்கும் 'காலமோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லே அரபு நாட்டை அடைந்தது என்பர். இதனைக் கூறுங்கால் பெரியோர் சிலர் முகம் சுளிப்பதைக் கண்டிருக்கின்றேன். அவர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. அரபில் கலந்த பிறமொழிச் சொற்களைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே ஜவாலிக்கி என்னும் அறிஞர் தனி நூலாகத் தொகுத்தார். திருக்குர்ஆனில் உள்ள அத்தகைய சொற்களைப் பிற்காலத்தில் இமாம் சுயூத்தி தொகுத்தளித்தார். அதனால் அவர்தம் ஈமானுக்கு ஊறு நேர்ந்ததாக எவரும் எழுதவில்லை.

அரபுக் கலம் சென்ற நாடுகளும் பல. துருக்கியில் 'கலெம்' எனவும் சுவாஹிலியில் 'கலாமு' எனவும் வழங்குகிறது. உருது, இந்தி மொழிகளில் எழுதுகோலோடு ஓவியப் பாணியையும் ஒட்டுக்கட்டும் செடித்துண்டையும் குறிக்கும். மராத்தியில் சட்டப் பிரிவுக்கும் கலம் என்றே பெயர். ஸ்ரீகாளஹஸ்தியில் மூங்கில் கோலால் துணியில் தீட்டப்படும் கலம்காரியில் இருப்பதும் இக்கலமே. இலத்தீன் வழியே மேற்கே சென்ற கிளையோ வேடிக்கையானது: மையும், எழுதுகோல் போன்ற உள்ளோடும் உடைய கணவாய் மீனை இத்தாலியர் 'கலமாரோ' என்கின்றனர். நம் கடற்கரை ஊர்களில் கணவாய் உண்போர் எழுதுகோலை நினைப்பதில்லை!

கிரேக்கத்தில் காலமோஸ் என்பது நாணற் குழலையும் குறிக்கும். பாணர் கலப்பையும் நினைவுக்கு வர, 'கண்டேன் உறவை' என்று துள்ள மனம் விழையும். முதல் மாணவர் அவ்வாறே துள்ளியிருந்தார். ஆனால் ஒலியொற்றுமை உறவுக்குச் சான்றாகாது. காலமோஸின் உடன்பிறந்த சொற்கள் எவை? வைக்கோற்றாளைக் குறிக்கும் ஜெர்மன் 'ஹால்ம்', வைக்கோலைக் குறிக்கும் ரஷ்ய 'சொலோமா'. கேட்டால் உறவென்றே தோன்றாது. எனினும், இதயத்தைக் கிரேக்கர் 'கார்தியா' என்றும் ஆங்கிலேயர் 'ஹார்ட்' என்றும் ரஷ்யர் 'சேர்த்ஸே' என்றும் கூறுவதை நோக்குக. ககரம், ஹகரம், சகரம் எனும் அதே மாற்றம் சொல்தோறும் ஒழுங்காக வருகின்றது. அவ்வொழுங்குதான் சான்று. தமிழ்க் கலத்தை அவ்வரிசையில் வைக்க அத்தகைய ஒழுங்கு ஏதும் கிட்டவில்லை. முற்றும் ஒத்தொலிப்பது அயலார்; ஒவ்வாதது உடன்பிறப்பு!

பேச்சைக் குறிக்கும் அரபுச் சொல்லான 'கலாம்' வேறு. எழுதுகோலின் முதலெழுத்து அடிநாவில் பிறப்பது. பேச்சின் முதலெழுத்து அவ்வாறன்று. தமிழில் இரண்டையும் ஒரே ககரத்தால் எழுதி மயங்குகின்றோம். தமிழை அரபெழுத்தில் எழுதிய அறபுத்தமிழ்ப் புலவர்களுக்கு இம்மயக்கம் இல்லை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கும் புள்ளியிட்டுப் புதிய எழுத்துகளை அவர்கள் ஆக்கிக்கொண்டனர். பழந்தமிழிலும் 'கலாம்' உண்டு, பொருள் பூசல். பேச்சு முற்றினால் பூசல் என்று நகைக்கலாமேயன்றி உறவு கூறலாகாது. இராமேசுவரத்தில் மரக்கலம் கட்டிய தந்தைக்குப் பிறந்து, 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாமின் பெயரில் உள்ளது அரபுக் கலாமே. தந்தையின் கலம் தமிழ்க் கலம்.

மரைக்காயர் என்னும் பெயர் மட்டும் எளிதில் பிடிபடுவதில்லை. மரக்கலத்தினின்று வந்தது என்பர் பலர். கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லைக் காட்டுவாரும் உளர். அவ்விரு மாணவரிடமும் இதனையே ஒப்படைத்தேன். பற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, கல்வெட்டிலும் ஆவணத்திலும் அப்பெயர் எவ்வாறெல்லாம் எழுதப்பட்டுள்ளது என்று முதலில் தேடுமாறு கூறினேன். ஒரு மாதம் கழித்து இருவரும் சேர்ந்தே வந்தனர். முடிபு ஏதும் எழுதவில்லை. கண்ட எழுத்து வடிவங்களை மட்டும் இடமும் காலமும் குறித்து வரிசையாக எழுதியிருந்தனர். முந்தைய இரு கட்டுரைகளுக்கும் அளித்ததைவிட அத்தாளுக்கு மிகுதியான மதிப்பெண் அளித்தேன்.