பூட்டாத வைஃபை



பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகளுக்கு வேலை தேடி வருகிறவர்களுக்காக ஆனேக்கல் தாலுகா எங்கும் வாடகை அறைகளும் பி.ஜி. விடுதிகளும் பெருகியிருக்கின்றன. மாடிக்கு ஒரு ரௌட்டர், அறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதுவும் பெரும்பாலும் வீட்டுக்காரரின் செல்போன் எண். எனக்குக் கவலை தருவது இதுதான்.

இதில் என்ன ஆபத்து என்பதற்கு ஒரு பழைய சம்பவம். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்திருந்தது. ஐ.பி. முகவரியைப் பிடித்துக்கொண்டு போன போலீஸார், நவி மும்பை சான்பாடாவில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டில் போய் நின்றார்கள். பாதுகாப்பில்லாத அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். கணினி பறிமுதல், விசாரணை என்று அவதிப்பட்டவர் அவர்தான். ஐ.பி. முகவரி காட்டுவது இணைப்புக்குச் சொந்தக்காரரை. விரலால் தட்டியவரை அல்ல.

ரௌட்டர் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் 'ஏசி 1200' என்று பெரிதாக இருக்கும். நொடிக்கு மெகாபிட் கணக்கில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 என இரண்டு வேகங்களையும் கூட்டி, மேலே ஏற்றிப்போட்ட எண் அது. பொடி எழுத்தில் 'டபிள்யூபிஏ3' இருக்கிறதா என்று பாருங்கள். 2018இல் வந்த பாதுகாப்பு முறை இது. பழைய கருவியென்றால் டபிள்யூபிஏ2 ஆவது வேண்டும். 2001லேயே உடைபட்ட 'வெப்' (WEP) முறையில் ஓடுவதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

பாஸ்வேர்டுக்குப் பதில் ஓர் எண்ணைக் கொடுத்து இணைய விடும் 'டபிள்யூபிஎஸ்' வசதியை அணைத்து வையுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணுக்குப் பத்துக் கோடி வாய்ப்புகள் உண்டு என்று தோன்றும். ஆனால் முதல் நான்கு இலக்கம் சரியா என்பதைக் கருவியே தனியாகச் சொல்லிவிடுகிறது. கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆகவே 11,000 முயற்சிக்குள் பிடிபட்டுவிடும். இந்த ஓட்டை 2011 டிசம்பரிலேயே அம்பலமானது.

பி.ஜி. நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறை காலியாகும்போது சாவியைக் கேட்டு வாங்குகிறீர்கள். அன்றே பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். ரௌட்டரின் 'அட்மின்' பாஸ்வேர்டு வாங்கிய நாளில் இருந்ததுபோலவே இருந்தால், இன்று இரவே மாற்றுங்கள். செய்வது எப்படி என்று தெரியாதவர்கள் எங்களுக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் படிப்படியாகச் சொல்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்