ஊர்ப் பெயரைப் போன் எழுதட்டும். சரிபார்ப்பது நாமாக இருக்க வேண்டும்

நிவாரணக் கணக்கெடுப்பு, வீடமைப்புப் பதிவு, உதவித்தொகைப் பதிவு என்று லயத்துக்கு வருகிறவர்கள் பலர் இப்போது காகிதத்துக்குப் பதிலாகப் போனோடு வருகிறார்கள். ஒரு பொத்தானைத் தொட்டதும் ஜிபிஎஸ் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு, ஊர்ப் பெயர் எல்லாம் தாமாகவே படிவத்தில் நிரம்பிவிடுகின்றன.

இதை நாம் எதிர்க்க வேண்டியதில்லை. எழுத்துப் பிழை குறையும். லயத்துக்கு வராமலே தோட்டத்து ஒபீசில் இருந்து படிவம் நிரப்புவதும் கஷ்டமாகும். ஆனால் இடத்தின் பெயர் சரியா என்று முடிவு சொல்ல வேண்டியவர் அந்த வீட்டில் இருப்பவர்தான்.

ஜிபிஎஸுக்கு ஊர்ப் பெயர் தெரியாது. செய்மதிகளின் உதவியால் அது கணிப்பது இரண்டு எண்களைத்தான். அவற்றுக்குப் பெயர் கொடுப்பது யாரோ முன்பே தயாரித்து வைத்த வரைபடம். அந்த வரைபடத்தில் நம் கணக்கு இல்லாவிட்டால், பக்கத்து டவுனின் பெயரோ கிராமத்தின் பெயரோ அங்கே வந்துவிடும். தோட்டத்துக்குப் பெயர்ப் பலகையில் ஒரு பெயர், நம் வாயில் இன்னொரு பெயர். மேல் கணக்கு, கீழ்க் கணக்கு என்றால் எந்தத் தோட்டத்தின் கணக்கு?

அளவிலும் சிக்கல் இருக்கிறது. திறந்த வெளியிலேயே போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீற்றர், அதாவது 16 அடி விலகலாம். மலைச்சரிவிலும் தகரக் கூரையின் கீழும் விலகல் இன்னும் கூடும். லயத்துக் காம்பராவின் அகலமோ 10, 12 அடிதான். அடுத்தடுத்த காம்பராக்களையும், ஒரே காம்பராவில் இருக்கும் இரண்டு குடும்பங்களையும் அதனால் பிரித்துக் காட்ட முடியாது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அகப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு முதல் நாட்களில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்பட்டது. எந்த லயத்தில், எந்தக் காம்பராவில் யார் இருக்கிறார்கள் என்ற பதிவு உயிர் சம்பந்தப்பட்ட விடயம்.

ஆகவே நம் கோரிக்கை இதுதான். படிவத்தில் தோட்டம், கணக்கு, லய இலக்கம், காம்பரா இலக்கம், குடும்பங்களின் எண்ணிக்கை ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் வேண்டும். தானாக நிரம்பிய பெயரைத் திருத்த வழி வேண்டும். இடத்தை வீட்டு வாசலில், வெளியே நின்று பதிய வேண்டும். பதிந்ததைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே அனுப்ப வேண்டும்.

நமக்கும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் கணக்கு, லயம், காம்பரா வாரியாக, இரண்டு பெயர்களையும் சேர்த்து ஒரு பட்டியல் எழுதி வைத்து, அதில் ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுக்கட்டும். கணக்கெடுப்பவர் அடுத்த முறை வாசலுக்கு வரும்போது, "எந்த இடம் என்று பதிந்தீர்கள், வாசியுங்கள்" என்று கேளுங்கள்.